தொட்டி நிறைய பஞ்ச்

1829 மார்ச் 4. அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதியாக ஆண்ட்ரூ ஜாக்சன் பதவியேற்ற நாள். விழா முடிந்ததும் வெள்ளை மாளிகையில் விருந்து. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வந்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சேற்றுக் காலணியோடு பட்டு நாற்காலிகளின் மேல் ஏறி நின்று புது ஜனாதிபதியின் முகத்தை எட்டிப் பார்த்தார்கள். 'பஞ்ச்' என்னும் கலவை மதுவைப் பணியாட்கள் வாளிகளில் கொண்டுவந்தபோது கூட்டம் அவர்கள் மேலேயே பாய்ந்தது. வாளி கவிழ்ந்தது, கம்பளம் நனைந்தது, பீங்கானும் கண்ணாடியும் பல ஆயிரம் டாலருக்கு உடைந்ததாகச் சொல்வார்கள். ஜாக்சனைச் சுவரோடு சுவராக நசுக்கிவிடும் நிலை. நண்பர்கள் கையைக் கோத்து அரண்போல நின்று அவரை வெளியே கொண்டுபோய், தங்கியிருந்த ஹோட்டலுக்கே அனுப்பிவைத்தார்கள். தன் வீட்டு விருந்திலிருந்து தானே தப்பி ஓடிய மனிதர்! அன்று அங்கே இருந்த மார்கரெட் பேயார்ட் ஸ்மித் என்ற எழுத்தாளர் இதையெல்லாம் ஒரு கடிதத்தில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

சரி, கூட்டத்தை எப்படி வெளியேற்றினார்கள்? துப்பாக்கி இல்லை, தடியடி இல்லை. பஞ்ச் இருந்த தொட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே புல்வெளியில் வைத்தார்கள். அவ்வளவுதான். கூட்டம் பின்னாலேயே போய்விட்டது. வாசல் போதாமல் ஜன்னல் வழியாகக்கூடக் குதித்துப் போனார்களாம்.

இந்தக் கதையை வரலாற்றாசிரியர்கள் ஜனநாயகத்துக்கு உதாரணமாகவோ ஜனநாயகத்தின் ஆபத்துக்கு உதாரணமாகவோ சொல்வது வழக்கம். காமர்ஸ் பிரிவில் உட்கார்ந்து படித்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது. எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கு இல்லை. பரிமாறும் இடம் வீட்டுக்குள். கூட்டத்தைக் குறை சொல்லும் முன், தொட்டியைக் காலையிலேயே புல்வெளியில் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று கேட்க வேண்டாமா?

பெரிய கூட்டத்துக்கு மது பரிமாறுவது பெரும்பாலும் ருசி சம்பந்தப்பட்ட விஷயமாகவே பேசப்படுகிறது. உண்மையில் அதில் முக்கால் பங்கு கணக்கு. மீதிக் கால் பங்கு பொறுப்பு. ருசி அதற்கு அப்புறம்தான்.

ஒரு சின்னக் கணக்கில் ஆரம்பிக்கலாம். நாற்பது பேர் வரும் ஒரு வீட்டு விருந்து. அதில் பத்துப் பேர் குடிப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி முப்பது பேருக்கு வீட்டுக்காரர் தன் கையாலேயே காக்டெயில் கலந்து கொடுக்க ஆசைப்படுகிறார். (சினிமாவில் ஷேக்கரைத் தலைக்கு மேல் சுழற்றுகிறவர்களைப் பார்த்த பாதிப்பு.) மூன்று பாட்டில்களிலிருந்து அளந்து ஊற்ற வேண்டும், ஐஸ் போட வேண்டும், பத்துப் பதினைந்து நொடி குலுக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், ஓரத்தில் எலுமிச்சைச் சுருள் வைக்க வேண்டும். பழக்கமில்லாத கைக்கு ஒரு கோப்பைக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். முப்பதாவது ஆளுக்குக் கோப்பை போய்ச் சேரும்போது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முதல் ஆள் அதற்குள் இரண்டாவது கோப்பைக்காக எப்போதோ வந்து நின்றிருப்பார். வீட்டுக்காரர் மாலை முழுக்கத் தன் விருந்தாளிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, வரிசையைத்தான் பார்க்கிறார். பழைய நண்பன் பம்பாயிலிருந்து வந்திருக்கிறான், அவனோடு பேசியது 'உனக்கு ஐஸ் போடவா?' என்ற ஒரே வாக்கியம்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஐந்து வகைக் காக்டெயில் கொடுப்பேன் என்று கிளம்பினால் ஐந்துக்கும் தனித்தனிச் சரக்கு வாங்க வேண்டும். மார்கரிட்டாவுக்கு ஒரு ஆரஞ்சு லிக்கர், இன்னொன்றுக்கு ஒரு கசப்பு, வேறொன்றுக்கு நீல நிறத்தில் ஏதோ ஒன்று. விருந்து முடிந்ததும் ஒவ்வொரு பாட்டிலிலும் முக்கால் பங்கு மீதி. அந்த நீல பாட்டில் அலமாரியில் எத்தனை வருடம் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் டெட் ஸ்டாக் என்று படித்ததற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

இந்தப் பிரச்சினைக்கு விடை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காக்டெயிலைவிட வயதில் மூத்த ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஜாக்சன் வீட்டுக் கம்பளத்தை நனைத்த அதே பஞ்ச்.

பஞ்ச் என்றதும் ரஜினி பட வசனம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் இந்த பஞ்ச் வேறு. இது ஒருவகையில் நம் பக்கத்துச் சொந்தக்காரன். பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த பீர் வெயிலில் கெட்டுப்போயிற்று. இங்கே கிடைத்தது சாராயம். தென்னங்கள்ளிலிருந்தோ வெல்லப்பாகிலிருந்தோ வடித்தது. அதை அப்படியே குடிக்க முடியாமல் எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் வாசனைப் பொருள் சேர்த்துக் கலக்கினார்கள். 1632-ல் இந்தியாவிலிருந்த கம்பெனி ஆள் ஒருவர் சக ஊழியருக்கு எழுதிய கடிதத்தில் 'பஞ்ச்' என்ற சொல் வருகிறது. இதுவரை கிடைத்த எழுத்துச் சான்றுகளில் அதுதான் மிகப் பழையது என்கிறார்கள். 1670-களில் இந்தியாவில் சுற்றிய ஜான் ஃபிரையர் என்ற ஆங்கில மருத்துவர், ஐந்து பொருள் சேருவதால் 'ஐந்து' என்று பொருள்படும் இந்தியச் சொல்லே இதற்குப் பெயரானது என்று எழுதினார். இதை மறுத்து, பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று வாதிடும் மொழி அறிஞர்களும் உண்டு. ஃபிரையர் சொன்னது சரியென்றால் பஞ்சாமிர்தமும் பஞ்சும் ஒரே சொல்லில் பிறந்தவை. பழனிக்காரர்கள் மன்னிக்க!

காக்டெயில் என்பது பிறகு வந்தது. அந்தச் சொல்லுக்கு முதல் தெளிவான விளக்கம் 1806-ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றில் வெளியானது. மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச்சாறு ஆகியவை சேர்ந்தது காக்டெயில் என்று. முக்கியமான வித்தியாசம் சேர்மானத்தில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது. காக்டெயில் ஒரு ஆளுக்கு ஒரு கோப்பை. பஞ்ச் ஒரு கூட்டத்துக்கு ஒரு கிண்ணம். பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுவதற்கும் ஹோட்டலில் ஆர்டர் எடுப்பதற்கும் உள்ள தூரம் அது. 1862-ல் ஜெர்ரி தாமஸ் என்ற அமெரிக்க பார்டெண்டர் எழுதிய புத்தகம் இந்தத் தொழிலின் ஆதி நூல் போல மதிக்கப்படுகிறது. அதில்கூட முதலில் வருவது பஞ்ச்தான், காக்டெயில் இல்லை. பின்னால் நகரங்கள் வளர்ந்து, அவசரம் வளர்ந்து, நின்றுகொண்டே ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போகிற வழக்கம் வந்தபோது கிண்ணம் மெல்லப் பரணுக்குப் போய்விட்டது.

பஞ்ச் எவ்வளவு பெரிதாகப் போக முடியும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1694-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ரஸ்ஸல் ஸ்பெயினில் ஒரு விருந்து வைத்தார். கிண்ணம் தேடி அலுத்துப்போய்த் தோட்டத்திலிருந்த நீரூற்றுத் தொட்டியையே கிண்ணமாக்கினாராம். பீப்பாய் பீப்பாயாக பிராந்தி, 2,500 எலுமிச்சம்பழம், அறுநூறு கிலோவுக்கு மேல் சர்க்கரை, ஜாதிக்காய்த் தூள். அதன் நடுவில் சின்னப் படகு ஒன்றை மிதக்கவிட்டு, ஒரு பையனை உட்கார வைத்து, அவன் துடுப்புப் போட்டபடியே விருந்தாளிகளின் கோப்பைகளை நிரப்பினானாம். கதையில் மிக முக்கியமான விவரம் இதற்குப் பிறகு வருகிறது. கால் மணி நேரத்துக்கு ஒரு பையன் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்களாம். ஏனென்றால் தொட்டியிலிருந்து எழும் ஆவியிலேயே பையன் மயங்கிவிடுவான்! எண்ணிக்கைகள் ஆளுக்கு ஆள் மாறும். படகு மட்டும் எல்லாக் கதையிலும் இருக்கிறது.

வீட்டு விருந்துக்குப் படகு வேண்டாம். ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரமும் நல்ல கரண்டியும் போதும். அளவு? கரீபியன் தீவுகளிலிருந்து வந்த ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. புளிப்பு 1, இனிப்பு 2, மது 3, தண்ணீர் 4. இன்றைய நாக்குக்கு இது பாயசம். இனிப்பை ஒன்றாகக் குறைத்து, மிச்சமான ஒரு பங்கைத் தண்ணீரில் சேர்த்துவிட்டால் 1, 1, 3, 5. மொத்தம் பத்துப் பங்கு, பெருக்கவும் சுலபம்.

முப்பது பேர், மூன்று மணி நேரம். முதல் மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு, பிறகு மணிக்கு ஒன்று என்று கேட்டரிங்காரர்கள் வைத்துக்கொள்வது வழக்கம். ஆளுக்கு நான்கு, மொத்தம் 120 கோப்பை. கோப்பை ஒன்றுக்கு 120 மில்லி என்றால் 14.4 லிட்டர். அதில் எலுமிச்சைச் சாறு 1.44 லிட்டர், அதே அளவு சர்க்கரைப் பாகு, ரம்மோ பிராந்தியோ 4.32 லிட்டர், தண்ணீர் 7.2 லிட்டர். மது 750 மில்லி பாட்டிலில் ஆறு. நம்மூர் எலுமிச்சையில் பழத்துக்கு 18 மில்லி சாறு கிடைத்தால் எண்பது பழம் பிழிய வேண்டும். இதைப் படித்ததும் பாட்டில் சாறு வாங்கிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் விருந்து கெடுகிறது. எலுமிச்சைச் சாறு பிழிந்த அன்றைக்கு இருக்கும் வாசனை மறுநாள் இருக்காது. பாட்டிலில் அடைத்ததில் கேட்கவே வேண்டாம். எண்பது பழமும் அன்று பிற்பகலில்தான் பிழியப்பட வேண்டும். பிழியும் ஆளுக்குத் தனியாகச் சாப்பாடு போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

பழைய பஞ்ச்காரர்கள் சாற்றைவிடத் தோலுக்கு அதிக மரியாதை கொடுத்தார்கள். கெட்டித் தோல் உள்ள மஞ்சள் லெமன் கிடைத்தால், வெள்ளைப் பகுதி வராமல் மேல்தோலை மட்டும் சீவிச் சர்க்கரையில் போட்டுக் கசக்கி, சில மணி நேரம் மூடி வைக்க வேண்டும். தோலிலுள்ள எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று நனைந்துவிடும். அந்தச் சர்க்கரையில் பாகு செய்தால் தொட்டி முழுக்க மணக்கும். நம்மூர் எலுமிச்சையின் தோல் மெல்லியது, கைதவறினால் கசப்பு ஏறிவிடும். அதற்கு ஆரஞ்சுத் தோலே பாதுகாப்பு. தண்ணீருக்குப் பதில் ஆறவைத்த கறுப்புத் தேநீர் ஊற்றுவதும் பழைய வழக்கம்தான். தேநீரின் துவர்ப்பு இனிப்பை ஒரு கட்டுக்குள் வைக்கும்.

அடுத்தது ஐஸ். பஞ்சில் ஐஸ் துண்டுகளைக் கொட்டினால் அரை மணியில் எல்லாம் கரைந்து, கடைசியில் வருகிறவருக்கு எலுமிச்சை வாசனையுள்ள தண்ணீர்தான் மிஞ்சும். ஒரே பெரிய கட்டியாகப் போட வேண்டும். காரணம் எட்டாம் வகுப்புக் கணக்கு. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள ஐஸ் கட்டிக்கு வெளிப்பரப்பு 600 சதுர செ.மீ. அதையே 2.5 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 64 துண்டு, வெளிப்பரப்பு 2,400. அதே ஐஸ், நான்கு மடங்கு பரப்பு. அந்த வேகத்தில்தான் கரைகிறது. முந்தின நாளே ஒரு பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கரையும் தண்ணீர் அந்த 7.2 லிட்டர் கணக்கில் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது. இரண்டு கிலோ கட்டி போடுவதென்றால் ஊற்றும் தண்ணீரில் இரண்டு லிட்டர் குறைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் இன்று சாதாரணம். 1833-ல் பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர் ஏரியில் வெட்டிய ஐஸைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பியபோது அது அதிசயம். சென்னைக்கு வந்த ஐஸைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டிடம் இன்றும் மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் கேட்கிறார்கள்.

எல்லாக் காக்டெயிலையும் இப்படித் தொட்டியில் கலந்துவிட முடியுமா? முடியாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து நுரை வர வேண்டியவை, க்ரீம் சேர்பவை இரண்டையும் ஒதுக்கிவிடலாம். சோடாவோ ஷாம்பெயினோ சேர்பவற்றில் அதைக் கோப்பையில் கடைசியாகத்தான் ஊற்ற வேண்டும், தொட்டியில் ஊற்றினால் வாயு போய்விடும். நெக்ரோனி போல மதுவகைகள் மட்டுமே சேர்ந்தவை நன்றாகத் தாங்கும். ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு. பழச்சாறு இல்லாததால் முந்தின நாளே கலந்து பாட்டிலில் அடைத்துக் குளிர வைக்கலாம். இங்கே பலர் செய்யும் தவறு தண்ணீரை மறப்பது. ஒரு கோப்பையை ஐஸில் கலக்கும்போது கலவையின் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர் தானாகச் சேர்கிறது. மொத்தமாகக் கலக்கும்போது அந்தத் தண்ணீரை நாமே ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் தொண்டை எரியும், சீக்கிரம் ஏறியும்விடும்.

மொத்தமாகக் கலப்பது மட்டமான வேலை என்று நினைப்பவர்கள் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தைப் பார்க்கலாம். மே மாதம் அந்த இரண்டு நாளில் மட்டும் சுமார் 1,20,000 கோப்பை மின்ட் ஜூலெப் போகிறது என்று பந்தய மைதானமே கணக்குச் சொல்கிறது. புதினா மட்டும் ஆயிரம் பவுண்டு. ஒவ்வொரு கோப்பையிலும் உட்கார்ந்து புதினாவை நசுக்கிக்கொண்டிருந்தால் குதிரைகள் அடுத்த வருடத்துக்கு வந்துவிடும். ஆகவே கலவையைப் பாட்டிலிலேயே தயாராக வைத்துக்கொண்டு, ஐஸ் மேல் ஊற்றி, புதினாவைச் செருகிக் கொடுத்துவிடுகிறார்கள். கோப்பையைப் பிடித்தவர் முகத்தில் குறையொன்றும் தெரிவதில்லை.

ருசியும் கணக்கும் இவ்வளவுதான். இனி அந்தக் கால் பங்குப் பொறுப்பு. இதைப் பற்றித்தான் விருந்துக் குறிப்புகள் எழுதுபவர்கள் கடைசியில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நல்ல பஞ்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதில் மது இருப்பது நாக்குக்குத் தெரியாது. அதுதான் அதன் பெருமை, அதுவேதான் ஆபத்து. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் விற்கும் ரம், பிராந்தி வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். பத்துக்கு மூன்று பங்கு என்றால் பஞ்சில் சுமார் 12.8 சதவீதம், அதாவது ஒயின் அளவு. 120 மில்லி கோப்பை ஒன்றில் 12 கிராம் ஆல்கஹால். நான்கு கோப்பையில் 48 கிராம். உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக ஏழெட்டுக் கிராம்தான் செலவழிக்கும். மூன்று மணி நேரத்தில் 24 போனால் மீதி 24 கிராம் ரத்தத்தோடும் உடம்போடும் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 50 மில்லிகிராம். இந்திய மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 30. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50. இங்கிலாந்தில் 80. எடை குறைந்தவருக்கும் பெண்களுக்கும் இதே நான்கு கோப்பை இன்னும் அதிகமாகக் காட்டும். சாப்பாடு, உடல்வாகு எல்லாம் எண்ணை மாற்றும் என்றாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

அதாவது கேட்டரிங்காரர்களின் வழக்கமான கணக்குப்படி, யாரும் தள்ளாடாமல், யாரும் சத்தம் போடாமல், எல்லோரும் சிரித்தபடி கைகுலுக்கிவிட்டுக் கிளம்பும் ஒரு 'கண்ணியமான' விருந்தின் முடிவில், பைக் சாவியை எடுக்கும் பலரும் சட்டப்படி குற்றவாளிகள். இதைத் தொட்டியைக் கலந்தவர் பிற்பகல் மூன்று மணிக்கே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்க முடியும். குடிக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. கரண்டியில் எவ்வளவு வந்தது, அதில் எத்தனை பங்கு ரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாரில் குடிப்பவர் எண்ணிக்கொண்டு குடிக்கலாம். கிண்ணத்திலிருந்து குடிப்பவர் வீட்டுக்காரரை நம்பித்தான் குடிக்கிறார்.

இதற்குப் பெரிய வைத்தியமெல்லாம் தேவையில்லை. கோப்பையைச் சின்னதாக்கலாம். 120 மில்லிக்குப் பதில் 90 என்றால் நான்கு கோப்பையும் மூன்றுக்குச் சமம். ஆட்கள் எண்ணுவது கோப்பையைத்தான், மில்லியை அல்ல. பழைய பஞ்ச் கோப்பைகள் உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தன. மதுவை மூன்று பங்கிலிருந்து இரண்டாக்கித் தேநீரைக் கூட்டலாம், எலுமிச்சைத் தோல் சர்க்கரை நன்றாக இருந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நெக்ரோனி ஒரு கோப்பையில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருப்பதால் அதைச் சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டு தட்டை எடுத்துவிடலாம். வறுவலும் கட்லெட்டும் தொட்டிக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. கடைசி ஒரு மணி நேரம் தொட்டியை உள்ளே கொண்டுபோய்விட்டுக் காப்பி கொடுக்கலாம். ஜாக்சன் வீட்டில் நடந்ததுதான் சாட்சி. தொட்டி எங்கே போகிறதோ அங்கேதான் கூட்டம் போகும். வண்டிகளுக்கு ஏற்பாடு செய்வதும் எலுமிச்சை வாங்குவதைப் போலவே பட்டியலில் எழுதப்பட வேண்டிய செலவுதான். ஆறு பாட்டில் ரம் வாங்கியவருக்கு நான்கு டாக்ஸி பெரிய காசில்லை.

அந்தப் பத்துப் பேர்? குடிக்காதவர்களை மறந்துவிட்டோமே. பொதுவாக விருந்துகளிலும் அப்படித்தான் மறந்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பையில் அழகாக ஏதோ வர, இவர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் டம்ளரில் வெதுவெதுப்பான கோலா. குடிக்காததற்குத் தண்டனை மாதிரி. அதோடு 'ஏன் குடிக்கலை?' என்ற விசாரணை வேறு. ஒருவர் நோன்பு இருக்கலாம், ஒருவர் மாத்திரை சாப்பிடலாம், ஒரு பெண் இன்னும் யாரிடமும் சொல்லாத நல்ல செய்தியோடு வந்திருக்கலாம், ஒருவர் மிகுந்த கஷ்டத்தோடு குடியை விட்டு அன்றைக்கு நாற்பதாவது நாளாக இருக்கலாம். காரணம் கேட்க யாருக்கும் உரிமையில்லை. தேநீர், எலுமிச்சை, தோல் சர்க்கரை, ஜாதிக்காய் எல்லாம் சேர்ந்த அதே பஞ்சை ரம் ஊற்றும் முன்பே மூன்று லிட்டர் தனியாக எடுத்து, இரண்டாவது கிண்ணத்தில், அதே கோப்பைகளோடு, அதே மேஜையில் வைத்தால் போதும். யார் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று ஒருவரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் இரண்டு கிண்ணத்திலும் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் சீட்டு எழுதி வைக்க வேண்டும்.

சீட்டு ஏன் முக்கியம் என்பதற்கும் வெள்ளை மாளிகையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1877 முதல் 1881 வரை ஜனாதிபதியாக இருந்த ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் காலத்தில் மாளிகையில் மது கிடையாது. அவர் மனைவி லூசிக்கு 'லெமனேட் லூசி' என்று பட்டப்பெயரே உண்டு. பெரிய விருந்துகளின் நடுவில் ஆரஞ்சுத் தோலுக்குள் உறைய வைத்த ஒரு பஞ்சைப் பரிமாறுவார்கள். அதில் ரகசியமாக ரம் ஊற்றியிருக்கிறார்கள் என்று தாகத்தோடு வந்தவர்கள் நம்பினார்கள். பத்திரிகைக்காரர்கள் அந்தக் கட்டத்துக்கு 'உயிர்காப்பு நிலையம்' என்றே பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். பல வருடம் கழித்து, 1887-ல், ஹேய்ஸ் தன் நாட்குறிப்பில் உண்மையை எழுதினார். ஏமாந்தது நாங்கள் இல்லை, அவர்கள்தான். ஜமைக்கா ரம்மின் வாசனை வரும்படி ஒரு சாரத்தைத் தாராளமாகச் சேர்க்கச் சொல்லியிருந்தேன், ஒரு துளி மதுகூட அதில் இல்லை என்று.

இதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மது இல்லை என்று நம்பி எடுத்த கோப்பையில் யாரோ ஒரு குறும்புக்கார நண்பன் 'சும்மா ஜாலிக்கு' அரை பாட்டில் வோட்கா ஊற்றியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி விருந்துகளில் இது நடக்காத ஊர் இல்லை. நாற்பதாவது நாளில் இருந்தவருக்கு அது என்ன? மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்கு? பைக்கில் தங்கையை ஏற்றிக்கொண்டு போக வேண்டியவனுக்கு?

அதனால்தான் சீட்டு எழுதுவதோடு வேலை முடிவதில்லை. இரண்டாவது கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். வீட்டுக்காரரே நின்றால் இன்னும் நல்லது. குலுக்குகிற வேலைதான் இப்போது இல்லையே, கையில் கரண்டி இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது. பம்பாய் நண்பன் வருவான், கிண்ணத்தை எட்டிப் பார்ப்பான், 'இதுல என்னடா போட்டிருக்க?' என்பான். எண்பது எலுமிச்சம்பழம் பிழிந்த கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.